செட் என்ற சொல்லுக்கு நாற்பத்தொரு அர்த்தம்

1976ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 27, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. கடல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றும் வரவில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஆறு மின்விசிறிகளில் நான்கு ஓடின. நூற்று அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள் (குழந்தைகளைச் சேர்க்கவில்லை, அதுங்க ஒரு இடத்தில் நின்றால்தானே எண்ண முடியும்). நான் போய் மைக் முன்னால் நின்றேன். என் ஒரே தங்கை வசந்தாவின் கல்யாணத்தைக் கெடுக்க அதற்குப் பிறகு எனக்கு நாற்பத்தொன்பது நிமிடம் தேவைப்பட்டது.

எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா போய்விட்டதால் தங்கைக்கு மாப்பிள்ளை தேடியது நான், பத்திரிகை அடித்தது நான், கடைசியில் கெடுத்ததும் நான். மூன்று பொறுப்பையும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் ஒரு சொல்லில் ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருஷம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'கணங்கள்' என்று ஒரு புதுப் பாடம் வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'செட்'. சொல்லின் பொருளைச் சரிபார்க்கலாம் என்று பள்ளியிலிருந்த பெரிய அகராதியைத் திறந்தேன். அந்தப் பிள்ளைப்பூச்சி சைஸ் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தால் நான் இன்று நிம்மதியாகத் தூங்குகிற கிழவன். ஆனால் எனக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். வெள்ளைக்காரன் ஊரில் இத்தனை என்றால், நம் ஊரில் எத்தனை?

தபால் அட்டைகளைப் பாதியாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் அர்த்தம் என்று எழுத ஆரம்பித்தேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அந்துவானிடம் மைக் செட். வில்லியனூர் போகிற வழியில் பம்பு செட். பல் வைத்தியரிடம் பல் செட். நகைக் கடையில் கல் வைத்த செட். ஓட்டலில் "ரெண்டாம் நம்பருக்கு ஒரு செட் பூரி." நாடகக் கம்பெனியில் அரண்மனை செட், காட்டு செட். சீட்டாடுகிறவர்களிடம் மூன்று சீட்டு சேர்ந்தால் ஒரு செட். கொத்தனார் தளம் போட்டுவிட்டு, "இன்னும் செட் ஆவல, மிதிக்காதீங்க" என்றார். கோரிமேட்டுப் பக்கம் பஸ்ஸில் வந்த ஒரு கம்பவுண்டர், கையில் மருந்து ஏற்றுகிற டிரிப் செட், முறிந்த எலும்பை செட் பண்ணுவது என்று ஒரே டிக்கெட்டில் இரண்டு கொடுத்தார். அச்சாபீசில் ஒன்று, கடற்கரையில் வாலிபால் ஆடுகிறவர்களிடம் ஒன்று. இப்படி நாலு மாதம். சைக்கிளில் டயர் இரண்டு தடவை மாற்றினேன்.

அப்படித்தான் ஒருநாள் மில் வாசலில் போய் நின்றேன். முதல் ஷிப்ட் விட்டு வெளியே வந்த ஆட்களில், எல்லோரும் என்னை ஏதோ சங்கத்துக்குச் சந்தா கேட்க வந்தவன் என்று நினைத்து விலகிப்போக, ஒரு பிட்டர் மட்டும் நின்றார். பெயர் செல்வராசு. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அரை மணி நேரம் விளக்கினார்.

"தறியில நூலு அறுந்துக்கினே இருந்துச்சின்னா செட்டிங் போயிடுச்சின்னு அர்த்தம் சார். எல்லாத்தையும் கழட்டத் தேவையில்ல. ஒரு மயிரிழ தள்ளி வச்சா போதும், தானா ஓடும்."

மூன்று அட்டை எழுதினேன். நாலாவது அட்டையில், கல்யாணமாகாதவர், பொறுமைசாலி, சொந்த வீடு என்று எழுதினேன்.

செல்வராசின் அப்பா மாணிக்கம் அதே மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகுத்தறிவுக்காரர். தெருமுனைக் கூட்டங்களில் நேரம் காலம், சகுனம், சாதகம் எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர். சம்பந்தம் பேசப் போனபோது என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "நல்ல நேரம்னு ஒண்ணு கெடையாது வாத்தியாரே. மேரியில ஒரு கையெழுத்து. மேடையில மால. நாலு பேரு வாழ்த்து. தாலி. சோறு. அவ்ளோதான் கல்யாணம்." (மேரி என்றால் நகராட்சி ஆபீஸ், பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் எங்களுக்கு அது மேரிதான்.)

அவர் மனைவி தனலட்சுமி அம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தேதியை மட்டும் அந்த அம்மாள் சொன்னார். மண்டபம் அன்றைக்குத்தான் காலியாம். பத்து மணிக்குத் தாலி கட்டினால் சாப்பாட்டுக்குத் தோதாக இருக்குமாம். மாணிக்கம் ஆட்சேபிக்கவில்லை. நானும் ஆட்சேபிக்கவில்லை. அந்த மாதம் மண்டபம் பன்னிரண்டு நாள் காலியாகக் கிடந்தது என்பதை என் அம்மா பிற்பாடு விசாரித்துச் சொன்னாள்.

ஆவணி மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். பத்து மணிக்குத் தாலி என்றால் அரை மணி நேரம் கையிருப்பு. இதை தனலட்சுமி அம்மாள் கணவரிடம் சொல்லவில்லை. என் அம்மாவிடமும் வாயால் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுச் சனத்துக்கும் அது தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்குப் பத்துக்கும் பத்தரைக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை மேரியில் கையெழுத்து ஆயிற்று. வெள்ளிக்கிழமை மண்டபம். மாணிக்கம் வகுத்த வரிசைப்படி முதலில் மாலை, அப்புறம் வாழ்த்துரைகள், கடைசியில்தான் தாலி. தாலியை முன்னால் கட்டிவிட்டால் சனம் பேச்சைக் கேட்காமல் பந்திக்குப் போய்விடும் என்பது அவர் அனுபவம். இரண்டு பேர் பேசி முடித்தார்கள். மாணிக்கம் எழுந்து, "பொண்ணோட அண்ணன், கணக்கு வாத்தியாரு, ஒரு அஞ்சு நிமிஷம் வாழ்த்துவாரு" என்றார்.

நான் ஆறு அர்த்தம் மட்டும் சொல்வதாகத்தான் இருந்தேன். இது சத்தியம். கணக்கில் செட் என்றால் சேர்ந்திருப்பது, ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு மதிப்பில்லை, கணவன் மனைவியும் அப்படியே என்று முடித்துவிட்டு இறங்குவது என் திட்டம். ஆனால் மூன்றாவது அர்த்தத்துக்கு, ஓட்டல் பூரிக்கு, சனம் சிரித்தது. அதுவரை என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் நான் சொன்னதற்குச் சிரித்ததில்லை (என்னைப் பார்த்துச் சிரித்தது தனிக் கணக்கு). என் சட்டைப் பையில் ஐம்பத்தெட்டு அட்டைகள் இருந்தன. எதற்குக் கொண்டுபோனாய் என்று வசந்தா இன்றும் கேட்கிறாள். பேனாவை எதற்குக் கொண்டுபோகிறோம்? அதுபோலத்தான்.

மேடைக்குப் பின்சுவரில், சரியாக என் தலைக்கு மேலே, ஒரு பெரிய மரக் கடிகாரம் மாட்டியிருந்தது. எனக்கு அது தெரியாது. முதுகில் கண் இல்லை. பத்து மணிக்கு அது பத்து அடி அடித்ததைக்கூட மைக் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்து மணிக்கு மேல் சபையின் முகம் மாறியது என்பதுதான். நூற்று அறுபத்து மூன்று முகங்களும் நிமிர்ந்தன. யாரும் பக்கத்தில் பேசவில்லை. யாரும் வெற்றிலை போடவில்லை. அத்தனை கண்ணும் மேல்நோக்கி, அசையாமல். எட்டு வருஷம் வகுப்பறையில் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். இப்படி ஒரு கவனத்தை நான் கண்டதில்லை. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். பதினாறாவது அர்த்தத்துக்குப் போனேன்.

பத்து பன்னிரண்டுக்கு ஒரு சோடா வந்தது. என் தொண்டையின்மேல் இவ்வளவு அக்கறையா என்று குடித்தேன். பத்து இருபதுக்கு இன்னொரு சோடா வந்தது. அதையும் குடித்தேன். முதல் வரிசையில் அம்மா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஆசீர்வாதம் என்று நினைத்தேன். பிறகு அவள் என் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். கடவுளைச் சொல்கிறாள் போலிருக்கிறது, பகுத்தறிவுக் கல்யாணத்தில் இது என்ன சங்கடம் என்று, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் கடைசி ஆயுதமாகக் கையைத் தட்ட ஆரம்பித்தார். சபை முழுக்கப் புரிந்துகொண்டு சேர்ந்து தட்டியது. அப்படித் தட்டினால் பேசுகிறவன் நன்றி சொல்லி இறங்குவான் என்பது உலக வழக்கம். கைதட்டல் ஓயும்வரை நான் அடக்கமாகக் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "நன்றி. இருபத்தொன்பதாவது."

அந்துவான் மைக்கை நிறுத்தினார். அவர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவருக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. நெல்லித்தோப்பில் பதினொன்றுக்கு ஒரு ஞானஸ்நானத்துக்கு மைக் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு மைக் ஒரு பொருட்டில்லை என்று சபைக்கு அறிவித்துவிட்டு, வகுப்பறைக் குரலை எடுத்தேன்.

முப்பத்து மூன்றாவது அர்த்தத்தில் இருக்கும்போது தலைக்கு மேலே கடிகாரம் பத்தரைக்கான ஒரே ஒரு அடி அடித்தது.

நூற்று அறுபத்து மூன்று பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பந்தலில் தொங்கிய காகிதத் தோரணம் ஆடியது. அது என் முப்பத்து மூன்றாவதுக்குக் கிடைத்த பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டேன். அதோடு சபை தளர்ந்தது. கால் நீட்டினார்கள், வெற்றிலைத் தட்டு நகர்ந்தது. இனி என்ன அவசரம் என்று அவர்கள் விட்டுவிட்டது எனக்கு, நிதானமாகப் பேசு என்ற சம்மதமாகப் பட்டது. தனலட்சுமி அம்மாள் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

முப்பத்து நான்காவது, சூரியன் அஸ்தமிப்பது. முப்பத்தைந்தாவது, ஒடிந்த எலும்பு. முப்பத்தாறு, டிரிப் செட். முப்பத்தேழு, பல் போனவர்களுக்கான பல் செட். மணமேடையில் நின்று ஒரு மனிதன் சொல்லக்கூடாத அத்தனையையும் வரிசை எண் போட்டுச் சொன்னேன். நாற்பத்தொன்றாவதோடு நிறுத்தியது புத்தி வந்து அல்ல. மீதிப் பதினேழு அட்டைகளும் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்துவிட்டன. மணி பத்து நாற்பத்தொன்று.

யாரும் தட்டவில்லை. மாணிக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"எத்தினி?"

"நாப்பத்தொண்ணு."

கண்ணைத் திறந்தார். தாலியை எடுத்துக் கொடுத்தார். செல்வராசு பத்து நாற்பத்தெட்டுக்குக் கட்டினார். தறியில் மயிரிழை பார்த்துத் தள்ளி வைக்கிற கை, முடிச்சுப் போடத் தெரியாமல் இரண்டு தடவை நழுவ விட்டது. நான் பூப்போடக் குனிந்தபோது வசந்தா உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "அண்ணே. பின்னால திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு சபையைப் பார்த்தேன். அவர்கள் யாரும் இப்போது மேலே பார்க்கவில்லை.

பந்தியில் நான் உட்காரவில்லை. கைகழுவுகிற இடத்தில் தனலட்சுமி அம்மாள் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்லா பேசுனீங்க வாத்தியாரே. எனக்குப் புரியல, ஆனா நல்லா பேசுனீங்க. எம் புள்ள ராவு காலத்துல தாலி கட்டிட்டான். அந்தத் தோசத்தோட மருமவள நான் வூட்டுக்குள்ள அழைக்க மாட்டேன். மறுபடியும் ஒரு நல்ல நேரம் பாத்துக் கட்டட்டும். அதுவரைக்கும் உங்க பொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்."

மாணிக்கம் இதைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் மறுத்தார். இரண்டாவது தடவை கட்டினால், முதல் தடவை தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும். ஊர் சிரிக்கும். முப்பது வருஷப் பேச்சு என்ன ஆவது? மருமகள் இன்றைக்கே வரட்டும் என்றார். அந்த அம்மாள் தன் வீட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். இருவரில் ஒருவரும் இறங்கி வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலையில் போன அதே ரிக்ஷாவில், கழுத்தில் தாலியோடு வசந்தா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம்.

நாலு நாள் ஆயிற்று. பதினாலு நாள் ஆயிற்று. தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்டார்கள். எதற்கு அனுப்பிவிட்டார்கள், பெண்ணிடம் ஏதாவது குறையா, நகை பாக்கியா? என் பேச்சுதான் குறை என்று யாரும் நம்பவில்லை. அண்ணன்காரன் பேசினதுக்கு யாராவது பெண்ணைத் திருப்பி அனுப்புவார்களா, வேறு விஷயம் இருக்கும் என்று அவர்களாகவே முடிவுக்கு வந்தார்கள். வசந்தா குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள். தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கல் மேல் இரண்டு பேர் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆண் திடுக்கிட்டு எழுந்து, கையிலிருந்த கடலையைப் பின்னால் மறைத்தார். என் மாப்பிள்ளை.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்டாட்டியதான் பாக்க வந்தேன்."

மேரியில் கையெழுத்துப் போட்டு, நூற்று அறுபத்து மூன்று பேர் முன்னால் தாலி கட்டியவர், மனைவியோடு கடலை தின்றதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

தீபாவளி வந்தது. தலைத் தீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்தோம். மாணிக்கம், தீபாவளி என்பதே புராணப் புளுகு, என் மகன் வரமாட்டான் என்றார். தனலட்சுமி அம்மாள், சரியாகத் தாலி கட்டாதவனுக்கு எங்கேயிருந்து தலைத் தீபாவளி, என் மகன் வரமாட்டான் என்றார். தங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதானாம். விடியற்காலையில் வசந்தா புதுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். சிறிது நேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அம்மா பலகாரத் தட்டை மூடினாள். அன்று எங்கள் தெருவில் வெடித்த சரங்களை நான் எண்ணவில்லை. என் ஆயுசில் நான் எதையும் எண்ணாமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் மாணிக்கத்தைத் தேடிப் போனேன். வீட்டில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தப்புக்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை என்றேன்.

"அந்த மண்டபத்துல மணி பாக்காத ஆளு நீ ஒருத்தன்தான் வாத்தியாரே" என்றார்.

"நீங்க?"

பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். "நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னான்னு சொல்ல சொல்ற? முப்பது வருசமா நேரமும் கெடையாது காலமும் கெடையாதுன்னு தொண்ட கிழியக் கத்திட்டு, எம் புள்ள கல்யாணத்துல எழுந்து, வாத்தியாரே ராவு காலம் வந்துடுச்சி உக்காருன்னு சொல்லவா? அதான் கண்ண மூடிக்கினேன்." மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டு, "எங்கனா போயி கட்டிக்கினு வாங்க. எந்த ஊரு, எந்தக் கோயிலு, ஒண்ணும் எனக்குத் தெரியக்கூடாது" என்றார்.

நவம்பர் 4, வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து நாற்பது. நல்ல மழை. விழுப்புரம் சாலையில், மில் ஆட்கள் யாரும் வர வாய்ப்பில்லாத ஒரு சின்ன முருகன் கோயில். வாடகை வேனில் ஒன்பது பேர் போனோம். வேன் கிளம்பும்போது தெருமுனையில் ஒருவர் குடையோடு நின்று கையைக் காட்டினார். மாணிக்கம். எங்கே போகிறோம் என்று கேட்காமலே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆகப் பத்துப் பேர்.

முதல் தாலியைக் கழற்றக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது. மேரி, மண்டபம், கோயில் என்று என் தங்கைக்கு ஒரே மாப்பிள்ளையோடு மூன்று கல்யாணம். தனலட்சுமி அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தாலி கழுத்தில் ஏறும் வரைக்கும் வாத்தியார் கோயிலுக்குள் வரக்கூடாது.

எனவே உள்ளே போகமாட்டேன் என்ற மாணிக்கமும், உள்ளே விடமாட்டோம் என்று சொல்லப்பட்ட நானும் எதிரிலிருந்த டீக்கடைக் கூரையின் கீழ் உட்கார்ந்தோம். எல்லாருடைய செருப்பும் எங்கள் காலடியில். எட்டு சோடி. மழை விடுகிற மாதிரி இல்லை. அவர் கோயில் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சும்மாதான ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றார் திடீரென்று. "ஒட்டிக்கினு போச்சே, அந்த பதினேழு. அது என்னா?"

முதல் தடவையாக எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு உள்ளே நடப்பது காதில் விழாமலிருக்க ஏதோ ஒரு சத்தம் வேண்டியிருந்தது. சொன்னேன். ஒன்று, இரண்டு என்று பதினேழையும் சொன்னேன். பதினாலாவதில் உள்ளே மணி அடித்தது. அவர் எழுந்தார். திரும்பவில்லை, முதுகைக் காட்டியபடியே, மழையைப் பார்த்துக்கொண்டு, மணி ஓயும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து, "ம், மேல சொல்லு" என்றார்.

அன்று மத்தியானம் வசந்தா மாமியார் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள்.

எங்கள் குடும்பம் அதோடு விட்டதா என்றால் இல்லை. என் கல்யாணத்துக்கு மைக்கே பிடிக்கவில்லை. யாராவது குளியலறையில் அதிக நேரம் இருந்தால் வெளியிலிருந்து, "இன்னும் இருவத்தொம்பதுலதான் இருக்கியா?" என்று குரல் வரும். பேரன் பேத்திகளுக்கும் இது வந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. அதுமட்டுமல்ல. மில்லில் கதவடைப்பு வந்தால் வாத்தியார் பேச்சு. கிணறு தூர்ந்தால் வாத்தியார் பேச்சு. மாப்பிள்ளையின் சைக்கிள் காணாமல் போனதும் என் பேச்சால்தான். இரண்டாவது தாலி எதற்குக் கட்டினோம் என்று கேட்டால், அது இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பார்கள். 1989 முடிய இப்படி என் கணக்கில் ஏறியவை இருபத்து மூன்று.

ஒன்று மட்டும் அந்த இருபத்து மூன்றில் சேரவில்லை. 1978இல் வசந்தாவுக்கு முதல் பிரசவம். குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் நினைக்கிறார்களே என்று தரையின் கற்களை எண்ண ஆரம்பித்தேன். அப்போது தனலட்சுமி அம்மாள் எழுந்து, தாழ்வாரம் முழுக்க நடந்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது உங்களால இல்ல வாத்தியாரே. எந்த நேரத்தாலயும் இல்ல. மனசுல வச்சிக்காதீங்க."

ராகு காலத்துக்குப் பயந்து மருமகளை வாசலோடு திருப்பியனுப்பிய பெண்மணி அதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் மனசில் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

வசந்தாவுக்கு அப்புறம் மூன்று பிள்ளைகள். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். கல்யாண நாள் எது என்று கேட்டால் நவம்பர் நாலு என்பாள். மாப்பிள்ளை ஆகஸ்ட் இருபத்தேழு என்பார். இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

இந்த வயதில் ஒருவன் தன் கணக்கை முடித்து வைப்பது நல்லது. இரண்டாவது தாலி, புடவை வேட்டி, வேன் வாடகை, அர்ச்சனை, ஐயர் தட்சணை, பத்துப் பேருக்குச் சாப்பாடு, டீக்கடையில் நாலு டீ. எல்லாம் நான் கொடுத்தது. முதல் தாலிக்கும் இரண்டாவது தாலிக்கும் நடுவில் வசந்தாவிடமிருந்து எடுத்தது வேறு. ஆக மொத்தம், அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு, அறுபத்தொன்பது நாள்.